பித்தளைச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு கொழுந்து

நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த கை இது. இப்போது இந்தக் கொப்பியில் எழுதுகிறது. எழுத்து கோணலாகத்தான் வரும். அதற்கு நான் வெட்கப்படப் போவதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மிச்ச எழுத்தை பஸ் பலகையிலும் அரிசி மூட்டையிலும் கோயில் நோட்டீசிலும் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டேன். அறுபது வயதுக்கு மேல் அப்படிப் படிக்க வேண்டி வந்தது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வயதாகிவிட்டது என்று செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவில் இருந்து என் பேரை எடுத்த அன்று தோட்டத்து ஆபீசில் ஒரு பத்திரத்தை நீட்டிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். துணைக்கு என் நாத்தனார் வந்திருந்தாள். என் வீட்டுக்காரரின் கூடப் பிறந்த தங்கை. என்னைவிட இரண்டு வயது குறைவு. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் தோட்டத்து வீடுகளில், எனக்கு அடுத்த வீடு அவளுடையது. நான் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். கிளாக்கர் என்னைப் பார்த்தார். இவள் முந்திக்கொண்டாள்.

"அய்யா, மதினிக்குப் பேனா வேணாங்க. அந்த மைப்பொட்டிய இங்கிட்டு நகத்துங்க. அவுங்களுக்குக் கட்டவெரல்தான் தெரியும்."

ஆபீசே சிரித்தது. நான் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்துவிட்டு, துடைக்காமலே வீட்டுக்கு நடந்தேன். தோட்டத்தில் யாரையும்விட நிறையக் கொழுந்து எடுத்தவள் நான். துரை வந்து என் கூடையைப் பார்த்துவிட்டு மற்றவர்களை ஏசுவார். அந்தக் கையை அவள் நாலு பேருக்கு முன்னால் மைப்பெட்டிக்குக் கொண்டுபோனாள். அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் விரும்பவில்லை.

பிறகு வந்தது, இலங்கை முழுக்க எல்லாம் தட்டுப்பாடான அந்த வரிசை வருஷம். பெட்ரோலுக்கு வரிசை, கேசுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. வெளிநாட்டிலிருந்து வரும் பிளாஸ்டிக் தாளும் வராமல் போனது. கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அந்தத் தாள் இல்லாமல் முடியாது. இடுப்பில் சுற்றிக் கட்டினால்தான் செடி கிழிக்காது, மழை ஏறாது. புதிது இல்லாததால் எல்லோரும் கிழிந்ததைத் தைத்தார்கள். தைத்த ஊசித் துளையில் தண்ணீர் இறங்கியது.

அந்த நேரத்தில் ஹட்டன் டவுனில் குடையும் மழைக்கோட்டும் விற்கும் ஒரு முஸ்லிம் முதலாளி, கொழும்பில் சும்மா கிடந்த ஒரு பழைய மிஷினைக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் வைத்தார். கிழிந்த தாளின் மேல் ஒரு துண்டை வைத்து அழுத்தினால் ஊசி இல்லாமல், பசை இல்லாமல் இரண்டும் ஒன்றாகிவிடும். நாங்கள் அதை ஒட்டு மிஷின் என்போம்.

மகளுடைய தாளைக் கொடுக்கப் போனவள் நான். முதலாளியே மிஷினில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். ஒட்டியது பாதி உரிந்து வந்தது, பாதி கருகியது. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"மொதலாளி, மொத்தத் தாளுக்கும் மெல்லிசு தாளுக்கும் ஒரே மாதிரி முறுக்குறீங்க. அது எப்புடி ஒட்டும்?"

"ஆச்சிக்கு மிஷின் தெரியுமா?"

"மிஷின் தெரியாதுங்க. கை தெரியும்."

சிரித்துக்கொண்டே எழுந்து இடம் கொடுத்தார். பிறகு அந்த இடத்தில் நான்தான் உட்கார்ந்தேன்.

அது என்ன மிஷின் என்று எனக்கு விளங்க வைத்தவர் பழுது பார்க்க வரும் சிங்கள பாஸ். மேஸ்திரியை இங்கே பாஸ் என்போம். பின்பக்கத் தகரத்தைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு சின்னப் பெட்டி. அதில்தான் துடிப்பு பிறக்கிறது. ரேடியோவில் வருகிற மாதிரித் துடிப்பு, ஆனால் மெலிந்தது, ஒரு தாளையும் சுட அதற்குப் பலம் இல்லை. அதைக் குடம் மாதிரி ஒரு பெரிய வால்வு வாங்கிக்கொண்டு, அதே துடிப்பைப் பல மடங்கு பெருக்கி மேலே இருக்கும் பித்தளைச் சட்டத்துக்கு அனுப்புகிறது. கீழே ஒரு இரும்புப் பலகை. சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் தாள். சட்டமும் பலகையும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தாளுக்குள் மின்சாரம் கடந்து போவதும் இல்லை. இங்கிருந்து இழுப்பு, அங்கிருந்து இழுப்பு, ஒரு கண் சிமிட்டுவதற்குள் கோடித் தடவை. அந்த இழுப்பில் தாள் தனக்குள்ளேயே அதிர்ந்து, உள்ளிருந்து சூடாகி உருகும். வெளியே சுடாது. ஒரு டியூப்லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பாஸ் சட்டத்துக்குப் பக்கத்தில் போனார். வயரே இல்லாமல் அது எரிந்தது. நான் வாயில் கை வைத்தேன்.

தாள் மாறினால் மிஷின் சுமக்கிற பாரமும் மாறும். மொத்தத் தாளுக்கு ஒரு பாரம், மெல்லிசுக்கு ஒரு பாரம், ஈரமாக இருந்தால் வேறு பாரம். அதற்கேற்பக் குமிழைத் திருப்பி, மீட்டர் முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள்ளுக்குக் கீழே இலக்கங்கள் இருந்தன. எனக்கு அது சரிப்படவில்லை. மகளிடமிருந்து ஒட்டுப் பொட்டு வாங்கி வந்தேன். மெல்லிசுத் தாளுக்கு முள் நிற்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பொட்டு, மொத்தத் தாளுக்குப் பச்சைப் பொட்டு, கண்ணாடியில் ஒட்டினேன். முதலாளி வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். "நம்ம ஆச்சிட மீட்டர பாருங்க" என்பார்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் எப்போதும் ரேடியோ பாடும். நான் மிஷினின் கால்மிதியை மிதித்தால் அது கரகரவென்று செத்துப்போகும். விட்டால் மறுபடி பாடும்.

"ஏ ஆச்சி! அந்தப் பொம்பளப்புள்ள பாடி முடிக்கட்டுமே! கழுத்த நெரிக்கிறியே!" என்று கடைக்காரர் கத்துவார்.

"நெரிச்சாத்தான் இங்க ஒட்டும். நீ வேற பாட்டுப் போடு" என்பேன்.

மிதிப்பதிலும் முறை இருந்தது. பாதி மிதித்தால் சட்டம் இறங்கித் தாளைப் பிடிக்கும். முழுதாக மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும், துடிப்பு ஓடும். ஆறு எண்ணிக் காலை எடுக்க வேண்டும். முன்னால் ஒரு கம்பிவலைக் கதவு உண்டு. அதை மூடினால்தான் மிஷின் வேலை செய்யும். பெரிய தாளுக்கு அந்தக் கதவு இடைஞ்சல். நான் கதவைத் திறந்து வைத்து, அது மூடும்போது அமுங்குகிற பொத்தானை ஒரு பிளாஸ்டிக் நாரால் இறுக்கிக் கட்டிவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு அடுத்த கட்டை எடுத்துப் போட்டார். வேலை ஓடியது.

பாஸ் அடுத்த தடவை வந்தபோது அதைக் கண்டு முகம் சுளித்தார். தன் நடுவிரலைக் காட்டினார். நுனியில் பள்ளமாக ஒரு வெள்ளைத் தழும்பு.

"அம்மா, இந்தப் பித்தளையில கை எபா, வைக்க வேணாம். மேல தோல் நல்லம். ஒண்ணும் பேன்னே நே, கண்ணுக்குத் தெரியாது. உள்ள எறச்சி வேவுது. அடுத்த நாள்தான் தெரியும். கை பட்டா ஒடனே ஆஸ்பத்திரி. வார மத்த ஆளுக்கும் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

மற்ற ஆளாக வந்தவள் என் நாத்தனார். அவளைக் கொண்டுவந்ததும் நான்தான். மழை பிடித்து, டயகமவிலிருந்தும் ராகலையிலிருந்தும் கட்டுக் கட்டாகத் தாள் வரத் தொடங்கியபோது, துடைத்துக் கொடுக்க இன்னொருவர் வேண்டும் என்றார் முதலாளி. தாளில் மண், கொழுந்துக் கறை, இலைத் துணுக்கு எல்லாம் ஒட்டியிருக்கும். ஈரமான இலை ஒன்று நடுவில் மாட்டினால் நீலப் பொறி பறந்து தாள் ஓட்டையாகிவிடும். அதனால் துடைக்கிற வேலை முக்கியமான வேலை. ஆனாலும் அது துடைக்கிற வேலைதான். அவளுக்கும் செக்ரோலில் பேர் எடுத்தாயிற்று. ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, எனக்குக் கீழே இருந்து துடைக்கட்டும் என்று நினைத்தேன். மனதில் இருந்ததை இப்படி எழுதுவதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பாஸ் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை. அந்த விஷயம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு மாதம் சரியாகப் போனது. பிறகு ராகலை மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் மிகவும் மொத்தமான தாள் கொண்டுவந்தார். என் இரண்டு பொட்டுக்கும் அது அடங்கவில்லை. சிவப்பில் நிறுத்தினால் ஒட்டவில்லை, பச்சையில் நிறுத்தினால் பாதி உரிந்தது, அதற்கு மேல் திருப்பினால் கருகியது. முதலாளி பாஸுக்கு போன் போட்டார். பாஸ் இலக்கங்களை எழுதி அனுப்பினார். போனை என் முன்னால் நீட்டினார் முதலாளி. நான் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் பலகை படிக்கிற எனக்கு அந்தச் சின்ன இலக்கமும் புள்ளியும் பிடிபடவில்லை.

பின்னாலிருந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் எழுந்து வந்தாள்.

"குடுங்க மொதலாளி. இதுல பாஸ் சொன்னது அந்த மேல் கோடு. இது கீழ் கோடு." குமிழைத் திருப்பினாள். "மதினி, காலால மிதிங்க. அது போதும்."

மிதித்தேன். ஆறு எண்ணினேன். தாள் கல்லு மாதிரி ஒட்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை முதலாளி என்னைத் துடைக்கிற ஸ்டூலுக்குப் போகச் சொன்னார். நல்லவிதமாகத்தான் சொன்னார். "ஆச்சி, கொஞ்ச நாளைக்கு மாறி இருங்க. அவங்க இலக்கம் பாக்குறாங்க." நான் எழுந்து, நகத்தால் இரண்டு பொட்டையும் கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்தேன். எனக்கு உதவாதது அவளுக்கும் உதவக் கூடாது. அவளுக்கு அது தேவைப்படவே இல்லை.

"ஏன் மதினி, பொட்ட உரிச்சிட்டீங்க?" என்றாள் உட்கார்ந்துகொண்டே. "பாவம், மிஷினும் ஒங்கள மாதிரி ஆகிப்போச்சே."

செத்தது என் வீட்டுக்காரர், அவளுடைய சொந்த அண்ணன். அவர் செத்து நான் பொட்டு அழித்ததை வைத்து அவள் சிரித்தாள். தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் கேட்டிருக்கும், ரேடியோ அப்போது பாடவில்லை.

லயத்தில் நான் என்ன சொல்லி வைத்திருந்தேன் தெரியுமா? நான் தொடாவிட்டால் அந்த மிஷின் நகராது என்று சொல்லி வைத்திருந்தேன். தண்ணீர் பிடிக்கிற பீலியில் நின்று ஒருத்தி கேட்டாள், "ஆச்சி, இப்ப நீங்க தொடைக்கிறீங்களாமே?" யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

மழை குறையத் தொடங்கியது. வியாழக்கிழமை பின்னேரம் முதலாளி எங்கள் இருவரையும் வைத்துச் சொன்னார். "மழ முடிஞ்சா வேல கொறைஞ்சிரும். ஒராள் போதும். மிஷின்ல இருக்கிறவங்களே தொடச்சும் போடலாம். மத்தவங்களுக்கு அடுத்த மழைக்குச் சொல்லி அனுப்புறேன்." மிஷினில் இருந்தது அவள். போக வேண்டியது நான். அவள் என்னைப் பார்த்து, "வீட்டுல இருந்து மகளுக்கு ஒத்தாசையா இருங்க மதினி, இந்தக் குளிர்ல எதுக்கு வாரீங்க" என்றாள். பஸ்ஸிலும் அதையே சொன்னாள், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பகல் தொழுகைக்கு முதலாளி கடையைப் பாதி சாத்திவிட்டுப் போனார். பின்னறையில் நாங்கள் இருவர் மட்டும். டயகமவிலிருந்து வந்த கட்டு ஈரமாகவே இருந்தது. நான் விரித்துத் துடைத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி வைத்து மிதித்தாள். எட்டாவதோ பத்தாவதோ தாளில், கிழிசலுக்குப் பக்கத்தில், கொழுந்து ஒன்று ஒட்டியிருந்தது. இரண்டு இலையும் ஒரு குருத்தும். பச்சை மாறவில்லை. காலையில் எடுத்த மாதிரி இருந்தது.

துணி என் கையில் இருந்தது. துடைக்கவில்லை.

முதலில் நினைத்தது இவ்வளவுதான்: பொறி பறக்கும், தாள் ஓட்டையாகும், முதலாளி வந்து அவளை ஏசுவார். ஆனால் அதோடு நிற்கவில்லை நினைப்பு. கொழுந்து எடுத்தவளின் கை எனக்குத் தெரியும். கூடையில் முத்தல் இலை ஒன்று கிடந்தால், காம்பு ஒன்று கிடந்தால், கண் பார்ப்பதற்கு முன்னால் கை போய் எடுத்துவிடும். நிறுவைக்குப் போகும் வழியில் எடுக்கும், சோறு தின்னும்போது எடுக்கும். பக்கத்தில் நிற்கிறவளின் முந்தானையில் இலை ஒட்டியிருந்தாலும் எடுக்கும். கங்காணியிடம் ஏச்சு வாங்கி வாங்கிப் படிந்துபோன பழக்கம். யோசித்துச் செய்கிற வேலை இல்லை அது. அவள் கையும் அப்படித்தான். எனக்கு அது தெரியும். கதவு திறந்திருந்தது, பொத்தான் நாரால் கட்டியிருந்தது. கட்டியது நான்.

தாளை மடிப்பு எடுத்து, கொழுந்து கீழே வருகிற மாதிரிப் பிடித்து நீட்டினேன். அவள் விரித்தாள், மேல் துண்டை வைத்தாள், பாதி மிதித்தாள். சட்டம் இறங்கியது. முழுதாக மிதித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்துக் கடையில் ரேடியோ கரகரத்தது.

இரண்டு எண்ணியிருப்பாள். சட்டத்தின் ஓரத்தில் குருத்து நீட்டிக்கொண்டு நீலமாகச் சீறியது. அவள் கை போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, கொழுந்து கிள்ளுகிற மாதிரியே போனது. ஒரு 'டப்' சத்தம். அவள் கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

ரேடியோ மறுபடி பாடியது.

"என்னமோ கடிச்ச மாதிரி இருக்கு மதினி" என்றாள். கையை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரலிலும் அரிசி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. ரத்தம் இல்லை, கொப்புளம் இல்லை. "ஒண்ணுமில்ல. எலை இருந்திருக்கு. நீங்க தொடச்சிதானே குடுத்தீங்க?"

"தொடச்சேன்" என்றேன்.

"அப்ப அடியில இருந்திருக்கும். என் கைக்குக் கொழுப்பு. இன்னும் மலையில நிக்கிறதா நெனப்பு அதுக்கு." சிரித்தாள். "வலியே இல்ல பாருங்க. மரத்த மாதிரி இருக்கு."

உள்ளே வெந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். உடனே ஆஸ்பத்திரி என்று பாஸ் சொன்னதும் தெரியும். ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்துக்கு அந்தக் கடையிலிருந்து பத்து எட்டு வைத்தால் போதும்.

"தேங்காண்ண தடவு, சரியாப் போயிரும்" என்றேன்.

முதலாளி தொழுதுவிட்டு வந்தார். ஓட்டையான தாளைப் பார்த்து முணுமுணுத்தார். அவள் கையை மடியில் மறைத்துக்கொண்டாள். அவளுக்கும் பயம், மிஷின் இடம் போய்விடும் என்று. பின்னேரம் வரை இடது கையால் குமிழைத் திருப்பினாள்.

சனிக்கிழமை விரல் வீங்கியது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் அவள் முனகுவது எனக்குக் கேட்டது. எங்கள் லயத்துச் சுவர் மெல்லிசு. எழுந்து போகவில்லை. திங்கட்கிழமை வாடை வந்தது, விரல்நுனி கறுத்திருந்தது. அவள் மகன் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வார்டில் டாக்டர் கேட்டாராம், மூன்று நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. "எண்ண தடவினேங்க" என்றாளாம். கட்டைவிரலை அடியோடும் ஆள்காட்டி விரலைப் பாதியிலும் எடுத்தார்கள்.

பார்க்கப் போனேன். கை முழுக்கத் துணி சுற்றி, உறியில் தொங்குகிற மாதிரி வைத்திருந்தாள். ஒரு நர்ஸ் ஏதோ தாளில் கையெழுத்து வாங்க வந்தாள். பேனாவைப் பார்த்தாள் இவள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நர்ஸ் மைப்பெட்டி எடுத்து வந்து இடது கட்டைவிரலைப் பிடித்து ஒற்றினாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவள் விரலில் இருந்த மையையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் பார்க்கட்டும் என்று. பக்கத்துக் கட்டில்காரி, "அக்காவுக்குக் கூடப் பொறந்தவங்களா?" என்று கேட்டாள். "அண்ணன் பொண்டாட்டி" என்றாள் நாத்தனார்.

மிஷின் இடம் எனக்கு வந்தது. முதலாளி பயந்துபோயிருந்தார். பாஸை வரவழைத்து நாரை அறுத்து, பொத்தானை இரும்புத் தகட்டுக்குள் போட்டு, கதவைத் திறந்தால் ஒரு துடிப்பும் வராதபடி செய்துவிட்டார். கண்ணாடியில் மறுபடி பொட்டு ஒட்டினேன், இந்தத் தடவை மூன்று. பாஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, அந்த அக்காவுக்கு நீங்க சொல்லல்லையா?" என்று கேட்டார். "சொன்னேன். அவ கேக்க மாட்டா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு தகரத்தை மூடினார்.

அடுத்த மழை வந்தது. தாள் குவிந்தது. துடைக்க ஆள் வேண்டும் என்றேன். முதலாளி சொன்னார், "ஒங்கட நாத்தனாரக் கூட்டி வாங்க. இங்க கை போனவங்கள நான் எப்புடி வெளியில விடுறது?" எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நான் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கைவசம் இல்லை.

அவள் வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, மிச்சமிருந்த மூன்று விரலுக்கு இடையில் தாளின் நுனியை இடுக்கிக்கொண்டு, இடது கையால் துடைத்தாள். என்னைவிடச் சுத்தமாகத் துடைத்தாள். காலையில் ஒரே பஸ்ஸில் வருவோம், பின்னேரம் ஒரே பஸ்ஸில் போவோம். அவளுக்கு இருக்கை கிடைத்தால் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். பேச்சும் பழையபடிதான். "மதினி, ஆறுக்கு மேல எண்ணுறீங்க, கண்ணு மங்கிருச்சா, காலு மங்கிருச்சா?" என்பாள். தேத்தண்ணிக் கடைக்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பார். எனக்கு அவள் ஒன்றும் அறியாதவள் என்று தோன்றியது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம், வெள்ளிக்கிழமை. முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். அவள் ஒரு தாளைத் துடைத்து, மடிப்பு எடுத்து நீட்டினாள். வாங்கி விரித்தேன், துண்டு வைத்தேன், கதவை மூடினேன். பாதி மிதித்தேன். முழுதாக மிதித்தேன். சிவப்பு விளக்கு. ரேடியோ செத்தது. ஒன்று, இரண்டு.

சட்டத்தின் ஓரத்தில் ஒரு குருத்து நீலமாகச் சீறியது.

என் கை போனது. நான் அனுப்பவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கூம்பி, நேராகப் போய்க் கம்பிவலையில் இடித்தன. நகம் பெயர்ந்து வலித்தது. வலைக்கு அந்தப் பக்கம் நாலு விரற்கடையில் பித்தளை. காலை எடுத்தேன். புகை வந்தது. தாளில் ஒரு ரூபாய்க் குற்றிக் காசு அளவில் ஓட்டை.

திரும்பிப் பார்த்தேன். அவள் துடைக்கவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிருந்து அப்படிப் பார்த்தாளோ.

"கம்பி இல்லேன்னா போயிருக்கும், என்ன மதினி?" என்றாள்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி உள்ளே வந்து மூக்கைச் சுருக்கினார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டை வழியாக அவருடைய தாடி தெரிந்தது.

"யாரு இதத் தொடச்சது?"

நான் வாயைத் திறந்தேன். எதைச் சொன்னாலும் பழையது வெளியே வரும். நகத்தில் கசிந்த ரத்தத்தைச் சேலையில் ஒற்றிக்கொண்டேன்.

"நாந்தான் மொதலாளி" என்றாள் அவள், என்னைப் பார்த்தபடியே. "தொடச்சேன். மதினிகிட்ட கேளுங்க, சுத்தமாத் தொடச்சேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஆமா" என்றேன். "தொடச்சா."

அவள் அடுத்த தாளை எடுத்து விரித்தாள்.